கடன் வாங்கிய முகம்

எங்கள் வீட்டு முன்னறைச் சுவரில் தாத்தாவின் படம் தொங்குகிறது. கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தைப் பெரிதாக்கி, உதட்டுக்கும் உருமாலுக்கும் லேசாக நிறம் தொட்டுவைத்த படம். அகன்ற நெற்றி, முறுக்கி மேலே ஏற்றிய மீசை. வருகிறவர்கள் எல்லோரும் ஒரு கணம் அண்ணாந்து பார்ப்பார்கள். “கட்டபொம்மன் கணக்கால்ல இருக்காரு” என்பார்கள். அய்யாவுக்கு அதைக் கேட்டால் முகம் மலர்ந்துவிடும்.

அது தாத்தாவின் முகம் இல்லை.

தாத்தா 1958இல் இறந்தார். பருத்திக்காட்டில் வேலைசெய்துகொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அவ்வளவுதான். அப்போது அய்யாவுக்கு ஆறு வயது. தாத்தா தன் வாழ்நாளில் ஒரு முறைகூட புகைப்படக்கருவியின் முன்னால் நின்றதில்லை. கோவில்பட்டியில் ஸ்டூடியோ இருந்தது. ஆனால் படம் எடுப்பது என்பது கரிசல்காட்டுச் சம்சாரிக்கு ஒரு செலவு, ஒரு வேலைநாள். ‘எடுத்துக்கிடலாம்’ என்று இருந்தவர்களில் பாதிப்பேர் எடுக்காமலே போனார்கள்.

1974இல் அய்யாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. கல்யாண வீட்டில் கும்பிட அப்பா படம் வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஸ்டூடியோவில் படம் வரைகிறவர் ஒருவரிடம் போய்க் கேட்டபோது, “ஜாடைக்கு யாராச்சும் இருக்காகளா?” என்றிருக்கிறார். இருந்தார். தாத்தாவின் அண்ணன், பெரிய தாத்தா. அவரைக் கூட்டிக்கொண்டுபோய் உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள். பிறகு ஓவியர் தூரிகையை எடுத்து அவருடைய சுருக்கங்களை நீக்கினார், தலைமுடியைக் கறுப்பாக்கினார், தாடையைக் கொஞ்சம் ஒடுக்கினார். மீசைக்கு மட்டும் ஜாடை தேவைப்படவில்லை. ஊரில் அப்போது எல்லோர் மனசிலும் இருந்த மீசையை அவர் வரைந்துவிட்டார். சிவாஜி கணேசன் நடித்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படம் வந்தது 1959இல், தாத்தா இறந்த மறு வருஷம். தாத்தா பார்க்காத ஒரு சினிமாவின் மீசையோடு தாத்தா சுவருக்கு வந்தார்.

அப்பத்தா அந்தப் படத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஆனால் அதன் முன்னால் போகும்போதெல்லாம் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்வாள். அமாவாசைப் படையல் வைக்கும்போதுகூட நேராக நிற்காமல் பக்கவாட்டில் நின்று இலையைத் தள்ளிவிடுவாள். சின்னப் பிள்ளைகள் நாங்கள் அதைச் சொல்லிச் சிரிப்போம். அது புருஷன் மேலுள்ள மரியாதை என்று நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மை வேறு. பெரிய தாத்தா தெருத்திண்ணையில் உட்கார்ந்திருந்தால் அப்பத்தா கொல்லை வழியாகத்தான் வெளியே போவாள். புருஷனுக்கு மூத்தவர் முன்னால் முகம் காட்டி நிற்பது அவள் வழக்கத்தில் இல்லை. அவளைப் பொறுத்தவரை சுவரில் மாட்டியிருந்தது அவள் புருஷன் இல்லை, புருஷனின் அண்ணன். தன் சொந்த வீட்டில், தான் படுத்து எழும் அறையில், ராவும் பகலும் மூத்தாரின் பார்வையில் அவள் இருபத்திச் சொச்சம் வருஷம் இருந்தாள்.

சாவதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் என்னிடம் சொன்னாள். “அவுகளுக்கு மீசை இப்பிடிக் கெடையாதுய்யா. அரும்பு மாதிரி இருக்கும். எடது காது செத்த மடங்கியிருக்கும். சிரிச்சாகன்னா கண்ணு ரெண்டும் மூடிக்கிடும்.” கொஞ்சநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “முந்தியெல்லாம் கண்ண மூடுனா அவுக வருவாக. இப்பம் மூடுனா இந்தப் படந்தான் வருது. அவுக வரமாட்டேங்காக.”

இந்த வாக்கியத்துக்கு இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது. முகம் இல்லாமல் போனவருக்கு நாம் ஒரு முகம் கொடுக்கலாமா? கொடுத்தால் அது யாருக்குச் செய்யும் நியாயம், யாருக்குச் செய்யும் அநியாயம்?

*

முகமில்லாதவருக்கு முகம் செய்வது நம் வீட்டுப் பழக்கம் மட்டும் இல்லை. ரோமாபுரியின் பிளினி முதல் நூற்றாண்டிலேயே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். நமக்கு வந்துசேராத முகங்களையும் ஏக்கம் பெற்றெடுத்துவிடுகிறது என்பது அவர் சொன்னதன் சாரம். உதாரணமாக அவர் காட்டியது ஹோமரை. நமக்கு உதாரணம் தேட அவ்வளவு தூரம் போகவேண்டாம். வேணுகோபால் சர்மா வரைந்து 1964இல் சட்டமன்றத்தில் திறந்துவைக்கப்பட்ட படம் இல்லாமல் திருவள்ளுவரை நம்மில் யாராவது நினைக்க முடிகிறதா?

கோவில்பட்டிக்காரர்களுக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்துகொண்டு ஊர் ஊராகப் போன சி. கொண்டையராஜு 1940களில் எங்கள் ஊரிலேயே தங்கிவிட்டார். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த முருகனும் லட்சுமியும் மீனாட்சியும் சிவகாசியில் அச்சாகி, காலண்டர்களாக நாடெங்கும் போனார்கள். இந்தியாவின் பாதி வீடுகளில் சாமிக்கு முகம் கொடுத்தது தீப்பெட்டியும் கடலைமிட்டாயும் செய்கிற ஒரு வறண்ட ஊர் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். சாமியின் முகத்தை யாரும் பார்த்ததில்லை. ஆகவே அங்கே யாருடைய ஞாபகத்துக்கும் சேதம் இல்லை. மனிதர்கள் விஷயத்தில்தான் கணக்கு சிக்கலாகிறது.

காலண்டர் ஆசையால் எனக்குப் பழைய அச்சுப்படங்களைப் பார்க்கும் பழக்கம் வந்தது. அருங்காட்சியகங்கள் தங்கள் சேகரிப்பை இணையத்தில் போட்டபிறகு ராத்திரிகளில் அதுதான் வேலை. அப்படித்தான் ஒருநாள், ட்யூடர் காலத்து இங்கிலாந்தின் செப்புத்தகட்டுச் செதுக்கோவியம் ஒன்றில் வந்து நின்றேன். குதிரைமேல் ஒரு பிரபு. எசெக்ஸ் கோமகன் ராபர்ட் டெவரோ. 1596இல் ஸ்பெயினின் காடிஸ் துறைமுகத்தைத் தாக்கிய கடற்படைக்கு இரண்டு தலைவர்கள். ஒருவர் எசெக்ஸ். இன்னொருவர் 1588இல் ஸ்பானியப் பெரும்படையை எதிர்கொண்ட கடற்படைத் தலைவர் சார்லஸ் ஹோவர்ட், பின்னாளில் நாட்டிங்ஹாம் கோமகன். இருவரையுமே தாமஸ் காக்சன் என்ற செதுக்காளர் குதிரைமேல் ஏற்றிச் செப்பில் கீறியிருக்கிறார். கடல் வீரனுக்கு எதற்குக் குதிரை என்று கேட்கக்கூடாது. தலைவன் என்றால் குதிரைமேல் இருக்கவேண்டும். என் தாத்தாவுக்கு மீசை வந்த வழியும் அதுதான்.

எசெக்ஸ் படத்துக்கு ஒரு கதை இருக்கிறது. 1599இல் அயர்லாந்துக்குப் படையோடு போய்த் தோற்று, அனுமதியில்லாமல் திரும்பிவந்து, ராணி எலிசபெத்தின் கோபத்துக்கு ஆளானார் எசெக்ஸ். அரண்மனையில் அவர் செல்வாக்கு சரிந்தது. ஆனால் தெருவில் அவருடைய செதுக்கோவியம் பட்டங்களும் புகழுரையுமாக விற்றுக்கொண்டிருந்தது. 1600இல் ராணியின் ஆலோசனைச் சபை அந்தப் படங்களைத் திரும்பப் பெறச்சொன்னது. இனிமேல் பிரபுக்களின் உருவங்களை அனுமதி இல்லாமல் அச்சிடக்கூடாது என்றும் உத்தரவு போட்டது. ஒரு தாளில் அச்சான முகத்தைப் பார்த்து ஓர் அரசாங்கம் பயந்திருக்கிறது. அடுத்த வருஷம் பிப்ரவரியில் எசெக்ஸ் கலகத்தில் இறங்கினார். அவர் வீட்டை முற்றுகையிட்டுச் சரணடையவைத்தவர்களுக்குத் தலைமை தாங்கியவர், காடிஸில் கூடநின்ற அதே நாட்டிங்ஹாம். அந்த மாதமே எசெக்ஸின் தலை வெட்டப்பட்டது.

கடலில் ஒன்றாகப் போன இரண்டு பேர். அவர்களில் ஒருவர் மற்றவரைப் பிடித்துக்கொடுத்தார். இருவர் படமும் இன்று அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது. வென்றவனுக்கும் முகம் இருக்கிறது, வெட்டப்பட்டவனுக்கும் முகம் இருக்கிறது. அதைப் பார்த்தபோது எனக்குக் கயத்தாறு ஞாபகம் வந்தது.

*

கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி சாலையில் 30 கிலோமீட்டர் அளவில் கயத்தாறு. 1799 அக்டோபர் 16ஆம் தேதி பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் கட்டபொம்மனை மேஜர் பானர்மேன் விசாரித்து, புளியமரத்தில் தூக்கிலிட்டது அங்கேதான். கட்டபொம்மன் உயிரோடு இருந்தபோது பார்த்து வரைந்தது என்று உறுதியாகச் சொல்லும்படி ஒரு படமும் நம் கையில் இல்லை. அவரைத் தூக்கிலிட்டவர்கள் கடிதங்களும் அறிக்கைகளும் எழுதினார்கள். முகத்தை எழுதிவைக்கவில்லை. அதோடு நிற்கவும் இல்லை. 1801இல் ஊமைத்துரையின் இரண்டாவது எழுச்சியை அடக்கியபிறகு கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கி, உழுது ஆமணக்கு விதைத்து, பாஞ்சாலங்குறிச்சி என்ற பெயரையே வரைபடத்திலிருந்து எடுத்தார்கள்.

எலிசபெத்தின் சபை படத்தைத்தான் தடைசெய்தது. கும்பினி ஊரையே அழித்தது. ஆளையும் ஊரையும் பெயரையும் அழித்த பிறகு, ஒரு ஜனம் தன் ஞாபகத்திலிருந்து ஒரு முகத்தைச் செய்து எடுத்தால், அதைப் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அழித்தவன் விட்டுப்போன வெற்றிடத்தை அழித்தவன் விருப்பப்படியே வெறுமையாக வைத்திருப்பது உண்மைக்குச் செய்யும் மரியாதை ஆகாது. முகம் கொடுப்பது அங்கே ஒரு பதில். கதைப்பாடல்கள் நூற்றைம்பது வருஷம் அந்தப் பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தன. 1959இல் சினிமா அதற்கு ஒரு முகத்தைக் கொடுத்தது. கயத்தாற்றில் சிவாஜியே இடத்தை வாங்கிச் சிலை வைத்தார். 1974இல் பாஞ்சாலங்குறிச்சியில் அரசு நினைவுக்கோட்டை கட்டியது. எங்கள் வீட்டுச் சுவருக்குத் தாத்தா வந்ததும் அதே வருஷம்தான்.

ஆனால் சிலைக்கு முன்னால் அங்கே வேறொன்று இருந்தது என்று எங்கள் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். தூக்கிலிட்ட இடத்தைக் கடந்து போகிறவர்கள் ஆளுக்கொரு கல்லை எடுத்துப் போட்டுக் கும்பிட்டுவிட்டுப் போவார்களாம். கல் சேர்ந்து சேர்ந்து குவியலாகக் கிடக்குமாம். அந்தக் கற்குவியலுக்கு முகம் இல்லை. கல்லைப் போட்டவன் மனசில் ஒரு முகம் இருந்திருக்கும். வண்டிக்காரனுக்கு ஒரு முகம், ஆட்டுக்காரனுக்கு ஒரு முகம், கூலிக்குப் போகிற பெண்ணுக்கு ஒரு முகம். சிவாஜியின் முகம் வந்தபிறகு அத்தனை முகங்களும் போய்விட்டன. நன்றாக நடித்த குற்றம்தான், வேறொன்றும் இல்லை.

முகம் கொடுப்பது நியாயம் என்றால் அதற்கு ஒரு விலையும் இருக்கிறது. நாயகனுக்கு முகம் கொடுத்த அதே படம் துரோகிக்கும் முகம் கொடுத்தது. எட்டப்பன் என்பது எட்டயபுரத்தை ஆண்டவர்கள் வழிவழியாகத் தாங்கிவந்த பட்டப்பெயர். சினிமாவுக்குப் பிறகு அது ஒரு முகமாகவும், வசைச்சொல்லாகவும் ஆனது. எட்டயபுரத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கு வந்த என் வகுப்புத்தோழன் ஒருவனை நாங்கள் மூன்று வருஷம் ‘எட்டப்பா’ என்றே கூப்பிட்டோம். அவன் குடும்பத்துக்கும் அரண்மனைக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. பாரதி பிறந்த ஊர்க்காரன் என்று ஒருநாள்கூட எங்களுக்குக் கூப்பிடத் தோன்றவில்லை. நாட்டிங்ஹாம் அரசாணைப்படி நின்றவர் என்று இங்கிலாந்தின் வரலாறு விவாதிக்க இடமிருக்கிறது. எங்கள் ஊரில் அந்த விவாதத்துக்கு இடமில்லாமல் முகம் முடிவுசெய்துவிட்டது.

*

முகம் தெரியாததால்தான் இந்தக் கோளாறு, புகைப்படம் இருந்தால் இது நடக்காது என்று தோன்றலாம். எங்கள் பக்கத்தில் அதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. பாஞ்சாலங்குறிச்சிக்குப் பக்கத்து ஊரான ஓட்டப்பிடாரத்தில் 1872இல் பிறந்தவர் வ.உ. சிதம்பரம் பிள்ளை. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே வெள்ளைக்காரக் கம்பெனிக்குப் போட்டியாகக் கப்பல் விட்டவர். எங்கள் கரிசல் மண்ணுக்குக் கடல்பிரபு என்று யாராவது உண்டென்றால் அவர்தான். அவருக்குப் புகைப்படங்கள் இருக்கின்றன. ஆனாலும் 1961இல் ‘கப்பலோட்டிய தமிழன்’ வந்தபோது அவருக்கும் சிவாஜியின் முகம் கிடைத்தது. தூக்கில் தொங்கியவரும் செக்கிழுத்தவரும் எங்கள் தலைமுறைக்கு ஒரே கண், ஒரே குரல்.

அதில் இழந்தது என்ன என்று நான் யோசித்துப் பார்ப்பதுண்டு. சிறையிலிருந்து 1912இல் வெளியே வந்தபோது அவரிடம் கப்பலும் இல்லை, வக்கீல் சன்னதும் இல்லை. சென்னையில் வறுமையோடு பல வருஷம் போராடினார். வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி சன்னது திரும்பக் கிடைக்க உதவினார். அந்த நன்றிக்குத் தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். 1920களில் எங்கள் கோவில்பட்டியில்தான் குடியிருந்து வக்கீல் தொழில் பார்த்தார். கடலை விட்டுக் கரிசலுக்கு வந்து, வாய்தாவுக்குக் கட்டைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்த அந்த மனிதரின் முகம் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. நமக்கு வேண்டியது கப்பலின் மேல்தட்டில் நிற்கும் முகம். உண்மையான முகம் கிடைத்தாலும் அதிலும் நமக்குத் தோதானதையே எடுத்து மாட்டிக்கொள்கிறோம்.

ஐரோப்பியச் செதுக்காளர்களுக்கு இந்தத் தோது நன்றாகத் தெரியும். 1493இல் வெளிவந்த ‘நியூரம்பர்க் வரலாற்று நூலில்’ 1,809 படங்கள் இருக்கின்றன. அவற்றுக்குப் பயன்பட்ட மர அச்சுகள் 645தான். ஒரே முகம் ஒரு பக்கத்தில் அரசன், இன்னொரு பக்கத்தில் ஞானி. பதினேழாம் நூற்றாண்டில் பியர் லொம்பார்ட் செதுக்கிய குதிரைவீரன் தகடு இன்னும் மோசம். அதே உடம்பு, அதே குதிரை. தலையை மட்டும் தேய்த்து அழித்துவிட்டு, காலத்துக்குத் தக்கபடி ஒருமுறை கிராம்வெல், ஒருமுறை அவர் எதிர்த்துப் போரிட்ட முதலாம் சார்லஸ் என்று மாற்றிக் கீறியிருக்கிறார்கள். இடையில் தலையே இல்லாமல் அச்சான பிரதியும் இருக்கிறது. கணினித் திரையில் அந்தத் தலையில்லாக் குதிரைவீரனை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வரிசையில் பொய் சொல்லாத படம் அது ஒன்றுதான் என்று பட்டது. ‘இங்கே ஒருவர் இருக்கிறார், யார் என்பதை நீங்கள்தான் போட்டுக்கொள்ள வேண்டும்’ என்று அது ஒப்புக்கொள்கிறது.

ஆனால் தலையில்லாத படத்தை வீட்டில் மாட்டி எந்தப் பிள்ளையும் கும்பிடமாட்டான். அய்யாவை நான் குறை சொல்ல முடியாது. அப்பாவின் முகம் தெரியாமல் வளர்வது என்ன என்பது எனக்குத் தெரியாது. வேலைக்குச் சேர்ந்த அன்றும், நான் பிறந்த அன்றும், கடன் கழுத்தை நெரித்த காலத்திலும் அவர் அந்தப் படத்தின் முன்னால்தான் போய் நின்றார். ஒருமுறை ராத்திரி நான் தண்ணீர் குடிக்க எழுந்தபோது, இருட்டில் அந்தப் படத்திடம் ஏதோ மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார். முகம் பெரிய தாத்தாவுடையது, பேச்சு தாத்தாவோடு. அந்தப் பேச்சு போலி என்று யார் சொல்வது?

ஆக, அய்யாவுக்கு அது ஓர் அப்பாவைக் கொடுத்தது. அப்பத்தாவிடமிருந்து அது ஒரு புருஷனை எடுத்துக்கொண்டது. உலகத்திலேயே தாத்தாவின் உண்மையான முகம் மிச்சமிருந்த ஒரே இடம் அவள் மூடிய கண்ணுக்குள்தான். அந்த இடத்திலும் படத்தைக் கொண்டுபோய் மாட்டிவிட்டோம். இத்தனைக்கும் அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மீசை எப்படி இருக்கும், காது எப்படி இருக்கும் என்று ஓவியர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். மகனும் மூத்தாரும் ஸ்டூடியோவுக்குப் போனார்கள். பார்த்தவள் வீட்டில் இருந்தாள்.

யோசிக்க யோசிக்க, தப்பு முகம் கொடுத்ததில் இல்லை, இரண்டு இடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒன்று, தெரிந்தவரைக் கேட்காமல் கொடுத்தது. இரண்டு, கொடுத்ததை மறைத்தது. எங்கள் வீட்டில் ‘இது தாத்தா படம்’ என்றுதான் சொல்லப்பட்டது, ‘பெரியவரை வைத்து வரைந்தது’ என்று ஒருநாளும் சொல்லப்படவில்லை. பெரிய தாத்தா 1981இல் இறந்தார். அவருக்கென்று தனியாக ஒரு படம் எடுக்கவே இல்லை. முகத்தைக் கடன் கொடுத்தவர் தனக்கு முகமில்லாமல் போனார். அவர் பேரன்மார் வந்தால் எங்கள் வீட்டுச் சுவரில் இருப்பது தங்கள் தாத்தா என்று தெரியாமலே கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள்.

பழைய செதுக்கோவியங்களின் அடியில் பொடி எழுத்தில் இரண்டு பெயர்கள் இருக்கும். வரைந்தவர் பெயர் ஒன்று, செதுக்கியவர் பெயர் ஒன்று. கொண்டையராஜுவின் சாமிப் படங்களிலும் ஓரத்தில் அவர் கையெழுத்து இருக்கும், பல படங்களில் சீடர் பெயரும் சேர்ந்திருக்கும். சின்ன வயசில் சாமி படத்தில் மனுஷன் பேர் எதற்கு என்று நினைத்திருக்கிறேன். இப்போது அது ஒரு வாக்குமூலம்போலத் தெரிகிறது. இந்த முகத்தை இன்னார் கொடுத்தார். நீங்கள் கும்பிடலாம், ஆனால் இது கொடுக்கப்பட்டது என்பதை மறக்கவேண்டாம். கட்டபொம்மன் சிலையின் கீழும் அப்படி ஒரு வரி இருந்தால் அவர் பெருமை குறைந்துவிடாது. சொல்லப்போனால், கல் போட்டவர்களுக்கும் அந்த வரியில் கொஞ்சம் இடம் கிடைக்கும்.

அய்யா போனபிறகு வீட்டுக்குப் பொறுப்பு எனக்கு வந்தது. போன தைக்கு வெள்ளையடிக்கப் படங்களைக் கழற்றினோம். தாத்தா படத்தின் பின்பக்கம் பழுப்புத் தாள் ஒட்டியிருந்தது. வெறும் தாள்.

என் மகள் பக்கத்தில் நின்றாள். “கொள்ளுத்தாத்தா உண்மையிலேயே இவ்வளவு பெரிய மீசை வச்சிருந்தாராப்பா?” என்றாள். இல்லை என்றேன். முழுக் கதையையும் சொன்னேன். “அப்பம் இத மறுபடி மாட்டவா, வேண்டாமா?” என்று கேட்டாள்.

மாட்டினோம். அதற்கு முன்னால் பழுப்புத் தாளில் பேனாவால் எழுதினேன். முகம் பெரிய தாத்தாவுடையது என்று, அவர் பெயரோடு. 1974 என்று வருஷம். அதற்குக் கீழே: மீசை அரும்பு. இடது காது கொஞ்சம் மடங்கியிருக்கும். சிரித்தால் கண் இரண்டும் மூடிக்கொள்ளும். சொன்னவள் அப்பத்தா.

எழுதி முடித்தபிறகுதான் கவனித்தேன். அப்பத்தாவின் பெயரை எழுதாமல் அப்பத்தா என்றே எழுதியிருந்தேன். அடித்துவிட்டுப் பெயரை எழுதினேன்.